இருபத்தெட்டு நாள் மாதம்

"ஏன்டா, மாசத்துக்கு எத்தன நாளு?"

2025 ஜனவரி கடைசி வாரம். பெருங்களத்தூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அப்பா கேட்டார். கையில் அவருடைய பட்டன் போன். திரையில் கம்பெனி அனுப்பிய எஸ்எம்எஸ்: உங்கள் திட்டம் இன்றோடு முடிகிறது. ஆனால் டிசம்பர் 30-ஆம் தேதிதான் என் போனிலிருந்து அவருக்கு ரீசார்ஜ் போட்டிருந்தேன்.

"இவங்களுக்கு 28 நாள்தான்ப்பா."

"அப்ப வருஷத்துக்கு பதிமூணு மாசமா? நான் செங்கல்பட்டுல முப்பது வருஷம் வேல பாத்தேன். சம்பளம் மட்டும் பன்னெண்டு தடவதான் குடுத்தாங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் கணக்கு சரி. 365-ஐ 28-ஆல் வகுத்தால் பதிமூன்று சொச்சம். "மாசம் 199" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வருஷத்துக்குப் பதின்மூன்று முறை கட்டும் 199.

அப்பா அடுத்து கேட்டதுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "நான் யாருக்கும் போன் பண்றது இல்ல. வர்ற போன எடுத்து பேசறேன், அவ்ளோதான். இன்கமிங் ஃப்ரீன்னு சொல்லித்தானே அன்னிக்கு இத வாங்கினோம்? அது எப்ப நின்னுச்சு?"

அன்றிரவு வழக்கம்போல் எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்து எல்லாக் கம்பெனிகளின் பிளான்களையும் வரிசையாக அடித்தேன். எந்தப் பிளான் லாபம் என்பது அரை மணி நேர வேலை. அப்பாவின் கேள்விக்கு அந்த ஷீட்டில் இடமில்லை. அதற்கு முப்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது.

1. நிமிடம்

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல். கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். நான்கு பெருநகரங்களுக்கும் தலா இரண்டு கம்பெனிகளுக்கு உரிமம் தரப்பட்டிருந்தது. சென்னைக்குக் கிடைத்தவை ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல்.

இரண்டே கம்பெனி. கட்டணத்துக்கு அரசே உச்சவரம்பு வைத்திருந்தது: மாத வாடகை 156 ரூபாய், நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு, நெரிசல் நேரத்தில் அதன் இரண்டு மடங்கு, அதாவது 16 ரூபாய் 80 காசு. பேசினாலும் காசு, வந்த போனை எடுத்தாலும் காசு. ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வசதி இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் இல்லை.

நம் ஆட்கள் கட்டணத்தை ஒப்பிடப் பழகியது வேறு இடத்தில், மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி பூத்தில். இரவு ஏற ஏற எஸ்டிடி கட்டணம் இறங்கும். 11 மணிக்கு மேல் கால் பங்கு. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் அந்த நேரத்தில் பூத் வாசலில் வரிசை நிற்கும். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் பேச வேண்டியவர்கள் சாப்பிட்டு முடித்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே பேசுவார்கள். ஒரு யூனிட் தாண்டும் முன் போனை வைப்பது ஒரு திறமை. அப்பாவுக்கு அது நன்றாகவே வரும்.

1999 இரண்டு வகையில் முக்கியமான வருஷம். புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. கம்பெனிகள் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய நிர்ணயித்த உரிமக் கட்டணம், வருமானத்தில் ஒரு பங்கு என்று மாறியது. அதே வருஷம், ஒழுங்குமுறை ஆணையமான டிராய் செல்போன் கட்டணத்தைத் திருத்தியது. நிமிடத்தின் உச்சவரம்பு 16.80-இலிருந்து 6 ரூபாயாக இறங்கியது. கூடவே மாத வாடகை 156-இலிருந்து 600-க்கு ஏறியது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். நெரிசல் நேரக் கணக்கில், மாதம் 41 நிமிடத்துக்கு மேல் பேசுகிறவருக்கு இது லாபம். அதற்குக் கீழே பேசுகிறவருக்கு நஷ்டம். "கட்டணம் குறைந்தது" என்ற செய்திக்குள்ளேயே குறைவாகப் பேசுகிறவரின் செலவு ஏறியது ஒளிந்திருந்தது. இதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் இதே ஏற்பாடு பிறகும் வருகிறது.

2. வட்டம்

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் இருந்தது. உரிமங்கள் 'வட்டம்' கணக்கில் தரப்பட்டவை. சென்னை ஒரு வட்டம், மீதித் தமிழ்நாடும் புதுச்சேரியும் இன்னொரு வட்டம். சென்னை வட்டம் என்றால் சென்னை டெலிஃபோன்ஸின் பகுதியும், மறைமலைநகர், மீஞ்சூர், மகாபலிபுரம் எக்ஸ்சேஞ்சுகளின் பகுதியும். அதற்கு வெளியே எல்லாம் 'தமிழ்நாடு'.

வரைபடத்தில் இது ஒரு கோடு. எங்கள் வீட்டில் அது தினசரி வாழ்க்கை. அப்பா பெருங்களத்தூரில் ரயில் ஏறி, வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் என்று போய் செங்கல்பட்டில் இறங்குவார். ஏறும்போது சென்னை வட்டம், இறங்கும்போது தமிழ்நாடு வட்டம். நடுவில் எங்கேயோ, அவர் கணக்கில் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும், போன் ரோமிங்குக்குப் போய்விடும். ரோமிங்கில் வருகிற போனுக்கும் காசு.

2004-இல் அவர் முதல் போன் வாங்கியபோது செய்த ஏற்பாடு எளிமையானது. மறைமலைநகர் தாண்டினால் போனை அணைத்துவிடுவார். சாயங்காலம் திரும்பும்போது அதே இடத்தில் போடுவார். அம்மாவுக்கு அவசரம் என்றால் ஆபீஸ் லேண்ட்லைன்தான். "என்னத்துக்கு அத வாங்கி பாக்கெட்ல வெச்சுட்டு சுத்தறீங்க?" என்று அம்மா கேட்டது ஞாபகமிருக்கிறது. பகல் முழுக்க அணைந்து கிடக்கும் போன், சாயங்காலம் ரயிலில் உயிர்பெற்று, "பெருங்களத்தூர் வந்துட்டேன், பால் இருக்கா?" என்று கேட்பதற்கு மட்டும் பயன்பட்டது.

2005-இல் சென்னை வட்டத்தையும் தமிழ்நாடு வட்டத்தையும் ஒன்றாக்கினார்கள். அடுத்த வருஷம் மார்ச்சில் பிஎஸ்என்எல், நாடு முழுக்க எங்கே பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற ஒன்இந்தியா திட்டத்தைக் கொண்டுவந்தது. எஸ்டிடி பூத்தின் சிவப்பு எண்களுக்கு முடிவு அங்கேதான் ஆரம்பித்தது. அப்பாவின் போன் செங்கல்பட்டிலும் அடிக்கத் தொடங்கியது.

3. இன்கமிங் ஃப்ரீ

அப்பா கேட்ட கேள்வியின் மையம் 2003. அதற்கு முன்பே சந்தை சூடாகியிருந்தது. 2002 அக்டோபரில் பிஎஸ்என்எல் செல்போன் சேவையில் இறங்கியது. 2002 டிசம்பர் கடைசியில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வந்தது. அடுத்த ஜூலையில் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று 'மான்சூன் ஹங்காமா'வை அறிவித்தது.

ஆனால் அடிப்படை மாற்றம் 2003 மே மாதத்தில் வந்த விதி. இனி அழைக்கிறவர்தான் காசு தருவார். அப்படியென்றால் அழைப்பை வாங்கிச் சேர்க்கும் கம்பெனிக்கு என்ன வருமானம்? அதற்கு ஒரு இணைப்புக் கட்டணம் வைத்தார்கள். என் கம்பெனியிலிருந்து உங்கள் கம்பெனிக்கு ஒரு அழைப்பு போனால், என் கம்பெனி உங்கள் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். 2004 பிப்ரவரியிலிருந்து அது சீராக 30 காசு.

இந்த 30 காசு பில்லில் தனியாக வராது. அதனால் நாம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானே இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோதுதான் அதன் அர்த்தம் உறைத்தது. அப்பா யாருக்கும் போன் செய்யாமல், வேறு கம்பெனியிலிருந்து மாமா செய்த போனில் பத்து நிமிடம் பேசினால், அப்பாவின் கம்பெனிக்கு 3 ரூபாய் வரவு. ஒரு பைசா செலவழிக்காத அப்பா அந்தக் கம்பெனிக்கு வருமானம் தரும் வாடிக்கையாளர்.

2005 டிசம்பரில் ஏர்டெல் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' இன்கமிங் அறிவித்ததையும், மற்ற கம்பெனிகள் அதன் பின்னால் ஓடியதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது தர்மம் கிடையாது, விளம்பரத் தந்திரம் மட்டுமும் கிடையாது. ஊரில் இருக்கும் பாட்டியின் கையில் ஒரு சிம் இருந்தால், பேரன் பாட்டிக்குச் செய்யும் ஒவ்வொரு போனும் காசு. மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களை நாம் கஞ்சர்கள் என்று கிண்டலடித்தோம். கம்பெனிகள் அவர்களை அப்படி நினைக்கவில்லை.

அப்பாவும் ஒரு லைஃப்டைம் சிம் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

4. கடைக்கார அண்ணன்

பிளான் ஒப்பிடும் வெப்சைட், ஆப் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் பெருங்களத்தூருக்கு ஒரு கடைக்கார அண்ணன் இருந்தார். ரயில்வே கேட் பக்கம் சின்னக் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ரீசார்ஜ். மேசையில் கம்பெனிக்கு ஒன்றாக நாலைந்து பழைய நோக்கியா போன்கள், ரப்பர் பேண்ட் சுற்றி. பக்கத்தில் ஒரு நீள நோட்டு. நம்பரை நாமே அதில் எழுத வேண்டும். அவர் 'ஈசி' அனுப்புவார்.

"பத்து ரூபா டாப்-அப்" என்று போனால் உடனே போட்டுவிட மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். யாருக்கு அதிகமா பேசுவ? அவங்க என்ன சிம்? எந்த நேரம்? பதிலைக் கேட்டுவிட்டு, "அப்ப டாப்-அப் வேணாம் தம்பி. ரேட் கட்டர் போடு. ஒரே கம்பெனிக்குள்ள பத்து காசுல முடிஞ்சுரும்" என்பார். பண்டிகைக்கு முதல் நாள் எஸ்எம்எஸ் பேக் போட வருகிறவர்களைத் தடுத்து, தீபாவளிக்கும் புது வருஷத்துக்கும் அந்த பேக் வேலை செய்யாது, மெசேஜுக்கு முழு காசு போகும் என்று எச்சரிப்பார். கமிஷன் அவருக்கு இரண்டிலும் கிடைக்கும்தான். ஆனால் தவறாகப் போட்டுக் கொடுத்தால் மறுநாள் அதே கேட் வழியாகத்தானே நாங்கள் எல்லாரும் போவோம்.

இன்று நான் எழுதும் கோடில் ஒரு 'ரெகமெண்டேஷன்' என்றால் வாடிக்கையாளருக்கு எதைக் காட்டினால் எங்களுக்கு அதிகம் வரும் என்பதுதான் கணக்கு. அண்ணனின் மூன்று கேள்விகள் வேறு கணக்கு.

2009-2010 வாக்கில் எங்கள் பகுதியில் ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல், பிஎஸ்என்எல், ரிலையன்ஸ், டாடா, ஐடியா, எம்டிஎஸ், யூனினார் என்று போர்டுகள் கடைக்கு மேல் கடையாகத் தொங்கின. ஒரு கம்பெனி ஒரு வட்டத்தில் 25 திட்டங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று டிராய் வரம்பு போட்டிருந்தது. வரம்பே 25 என்றால், ஒன்பது கம்பெனிக்கும் பெருக்கிப் பாருங்கள். 2012-இல் டிராய் ரீசார்ஜ் கார்டுகளுக்கு நிறம் வைத்தது: திட்டத்துக்குச் சிவப்பு, டாப்-அப்புக்குப் பச்சை, சிறப்புச் சலுகைக்கு மஞ்சள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் ஏமாறாமல் இருக்க.

5. செகண்ட்

நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த 2009 ஜூனில் டாடா டோகோமோ வந்தது. செகண்டுக்கு ஒரு காசு. அதுவரை 61 செகண்ட் பேசினால் இரண்டு நிமிடத்துக்குக் காசு. நாங்கள் 58, 59 என்று பார்த்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவோம். டோகோமோ அந்த விளையாட்டையே முடித்துவைத்தது. சில மாதங்களில் மற்றவர்களும் செகண்ட் கணக்குக்கு வந்தார்கள். "வந்துட்டேன்", "கீழ நிக்கறேன்" போன்ற சின்ன அழைப்புகள் அதன்பிறகுதான் பெருகின.

சந்தைப் போட்டி சாதாரண ஆளுக்கு உண்மையாகவே உதவிய தருணம் என்று இதைச் சொல்வேன். குறைவாகப் பேசுகிறவருக்கு நேரடி லாபம் கிடைத்த அபூர்வமான மாற்றம் இது.

2011 ஜனவரி 20-இல் எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. போர்ட் என்று அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணை 1900-க்கு அனுப்ப வேண்டும். வரும் குறியீட்டை எடுத்துக்கொண்டு புதிய கம்பெனிக்குப் போகலாம். கட்டணம் 19 ரூபாய். அதுவரை எண்தான் நம் காலில் கட்டிய கயிறு. எல்லாரிடமும் கொடுத்த நம்பரை விட முடியாமல் மோசமான பிளானில் கிடந்தவர்கள் ஏராளம். இப்போது எண் நம்முடையது என்று ஒரு நம்பிக்கை வந்தது.

6. டவர்

அந்த நம்பிக்கையை இரண்டு சம்பவங்கள் சோதித்தன.

2015 டிசம்பர் 1 இரவு. அடையாறு ஏறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் தண்ணீர். கரண்ட் போனது. டவர்களுக்கு ஜெனரேட்டர் உண்டு. ஆனால் டீசல் தீர்ந்தால், அல்லது ஜெனரேட்டரே மூழ்கினால், டவரும் போகும். ஒவ்வொன்றாகப் போனது. ஓஎம்ஆரில் ஆபீஸில் மாட்டிக்கொண்ட நான் இரண்டு சிம்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வீட்டோடு பேச ஒன்றரை நாள் ஆனது. பிஎஸ்என்எல் ஒரு வாரம் அழைப்புகள் இலவசம் என்று அறிவித்தது. மற்ற கம்பெனிகளும் சலுகை சொன்னார்கள். கட்டணம் பூஜ்யமான அந்த நாட்களில் எங்கள் தெருவில் கேட்டது ஒரே கேள்வி: யார் போன்ல டவர் இருக்கு? என் எக்செல் ஷீட்டில் அன்றிலிருந்து 'வீட்டுக்குள் சிக்னல்' என்று ஒரு காலம் உண்டு.

இரண்டாவது, 2018 பிப்ரவரி. ஏர்செல் தமிழ்நாட்டின் சொந்தக் கம்பெனி போல இருந்தது. சிவசங்கரன் வளர்த்து, பிறகு மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. சிஎஸ்கே சட்டையில் அதன் பெயர் இருந்தது. 98 ரூபாய் 'பாக்கெட் இன்டர்நெட்' போட்டு மாதம் முழுக்கப் படம் இறக்கிய ஹாஸ்டல் தலைமுறை எங்களுடையது. அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் மாநிலம் முழுக்க சிக்னல் இழந்தது. அந்த மாதக் கடைசியில் திவால் மனு கொடுத்தது.

வேறு கம்பெனிக்கு மாறலாம்தான். ஆனால் மாறுவதற்கான எஸ்எம்எஸ் அதே எண்ணிலிருந்து போக வேண்டும். எண்ணில் டவர் இல்லை. ஏர்செல் அலுவலகங்கள் முன்னால் கூட்டம் கூடியது. டவர் கிடைக்கிற இடம் எங்கே என்று ஜனங்கள் தேடி அலைந்தார்கள். பிறகு டிராய் தலையிட்டு, மாறுவதற்கான குறியீடு ஏப்ரல் 15 வரை செல்லும்படி செய்தது. எண் நம்முடையது என்ற நம்பிக்கைக்குள், பழைய கம்பெனி கடைசியாக ஒருமுறை உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்திருக்கிறது.

7. ஜிபி

ஏர்செல் விழுந்ததற்குப் பின்னணி 2016 செப்டம்பர் 5. ஜியோ வந்த நாள். அந்த வருஷக் கடைசி வரை எல்லாம் இலவசம். பிறகு அதுவே 2017 மார்ச் 31 வரை நீண்டது. ஆதார் கார்டு, கைரேகை, பத்து நிமிடத்தில் சிம். தாம்பரத்தில் ஜிஎஸ்டி ரோட்டோரம் குடை விரித்து உட்கார்ந்து கொடுத்தார்கள். இலவசம் முடிந்தபோது 99 ரூபாய் பிரைம் கட்டினால், 303 ரூபாய்க்கு 28 நாள், நாளுக்கு 1 ஜிபி, பேசுவது அளவில்லாமல். அதற்குச் சற்று முன்னால்வரை 1 ஜிபிக்கே 250 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நல்லது நடந்தது, மறுக்கவில்லை. இன்று இந்தக் கட்டுரையை நீங்கள் பஸ்ஸில் நின்றபடி படிக்க முடிவதற்கு அது ஒரு காரணம். ஆனால் அலகு மாறிவிட்டது. நிமிடத்துக்கும் செகண்டுக்கும் இனி விலை கிடையாது. அவை டேட்டாவோடு சும்மா வரும் பொருள். டேட்டா வேண்டாதவருக்குத் தனியாக வாங்க ஒன்றும் மிச்சமில்லை.

அதே நேரத்தில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத 30 காசும் தேய்ந்துகொண்டிருந்தது. 2009-இல் 20 காசு. 2015-இல் 14. 2017 அக்டோபரில் 6. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். டிராய் தரப்பில் நியாயம் உண்டு: புதிய நெட்வொர்க்குகளில் ஒரு அழைப்பைச் சேர்க்கும் செலவு மிகக் குறைவு; அதற்கு ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கப்பம் கட்டத் தேவையில்லை. தர்க்கப்படி சரிதான்.

ஆனால் அந்தக் காசு தேயத் தேய, போனை எடுத்து மட்டும் பேசும் மனிதரின் மதிப்பும் தேய்ந்தது. 2004-இல் மாமாவின் பத்து நிமிடம் அப்பாவின் கம்பெனிக்கு 3 ரூபாய். 2017-க்குப் பிறகு 60 காசு. 2021-இல் ஒன்றுமில்லை. அப்பா மாறவில்லை. அதே போன், அதே மாமா. கணக்கேட்டில் அவர் வரவுப் பக்கத்திலிருந்து செலவுப் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டார்.

2018 நவம்பரில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜ் கேட்க ஆரம்பித்தன: 28 நாளுக்கு 35 ரூபாய், இல்லையென்றால் சேவை நிற்கும். இணைப்புக் கட்டணம் மட்டுமே காரணமில்லை; விலைப் போரில் எல்லார் கையும் காலியாகியிருந்தது, மேலே கடன் மலை. ஆனால் 'லைஃப்டைம்' என்ற வார்த்தை செத்தது அப்போதுதான்.

எங்கள் வீட்டில் அது 2019-இல் தெரிந்தது. அப்பாவின் போனில் 87 ரூபாய் பேலன்ஸ் இருந்தது. நாலு நாளாக யாரும் கூப்பிடவில்லை என்று அவர் சந்தோஷமாக இருந்தார். பேங்கில் ஓடிபி வராமல் திரும்பி வந்தபோதுதான் இன்கமிங் நின்றது தெரிந்தது. "லைஃப்டைம்னு எழுதியே குடுத்தாங்களேடா. யாரோட லைஃபு?" என்றார். காசு இருக்க, போன் இருக்க, ஆள் இருக்க, நாள் மட்டும் முடிந்துபோயிருந்தது. அந்த வாரமே வேறு கம்பெனிக்கு மாற்றினோம்.

8. நாள்

இப்போது விற்கப்படும் பொருள் நாள். நிமிடமும் ஜிபியும் அதற்குள் போட்டுக் கொடுக்கப்படுகின்றன. ஏர்டெல்லில் குறைந்தபட்சம் 35 ஆக இருந்தது 2019 டிசம்பரில் 45, 2021 ஜூலையில் 79, அதே நவம்பரில் 99. 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பின் 28 நாளுக்கு 199. ஜியோவில் 28 நாள் திட்டம் 155-இலிருந்து 189. அந்த 199-க்குள் அளவில்லா அழைப்பும் 2 ஜிபியும் இருக்கின்றன. 35 ரூபாயில் அது இல்லை. ஆனால் அப்பாவுக்கு இரண்டிலும் தேவைப்பட்டது ஒன்றுதான்: போன் அடிக்க வேண்டும்.

28 நாள் பேக்குகள் முன்பே இருந்தன. புகார்கள் சேர்ந்து, 2022 ஜனவரியில் டிராய், 30 நாள் செல்லும் திட்டமும் மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒவ்வொரு கம்பெனியும் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள், முன்வரிசையில் நிற்பது இன்னும் 28 தான்.

2024 டிசம்பரில் டிராய் இன்னொரு விதி கொண்டுவந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட திட்டம் கட்டாயம் வேண்டும். ஒரு வருஷம் வரை செல்லலாம். அதே திருத்தத்தில், சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்கள் தேவையில்லை என்று நீக்கப்பட்டன. எல்லாரும் ஆப்பில் போடும்போது அட்டைக்கு எதற்கு நிறம்.

அந்த விதிப்படி வந்த திட்டங்களைத்தான் அன்றிரவு ஷீட்டில் அடித்தேன். 2025 ஜனவரி கடைசி நிலவரம்: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. மேலோட்டமாகப் பார்த்தால் நீண்ட திட்டத்தில் ஜியோ 101 ரூபாய் மலிவு. நாளால் வகுத்தால் 1,849 ஒரு நாளைக்கு 5 ரூபாய் 7 காசு, 1,748 ஐந்து ரூபாய் 20 காசு. 84 நாள் திட்டங்களில் ஜியோ மலிவு: 5.33-க்கு எதிராக 5.58. இந்த 336 என்ன எண் என்று யோசித்தால், 28-ஐப் பன்னிரண்டால் பெருக்கியது. அப்பாவின் மாதமே வருஷமாகிவிட்டது.

டிராய்க்கே 2018-இலிருந்து கட்டணம் ஒப்பிடும் ஒரு இணையதளம் இருக்கிறது. இருந்தாலும் நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே: விலையை நாளால் வகுங்கள், பிறகு வீட்டின் கடைசி அறையில் நின்று சிக்னல் பாருங்கள். மீதி அலங்காரம்.

மறுநாள் காலை இந்தக் கணக்கை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் 28 நாளுக்கு ஒருமுறை 199 போடுகிறவர். வருஷத்துக்கு ஏறத்தாழ 2,594 ரூபாய். வருஷத் திட்டம் போட்டால் சுமார் 745 ரூபாய் மிச்சம். அதுவும் அவருடைய போன் பட்டன் போன். அந்த 2 ஜிபி அவருக்கு எதற்கும் இல்லை.

அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ரெண்டாயிரம் மொத்தமா கையில இருந்தா நான் ரெண்டு சிலிண்டர் வாங்கி வெச்சுப்பேனா, போனுக்குப் போடுவேனா?"

ஷாம்பூவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கலாம் என்று நாட்டுக்குக் காட்டியது கடலூர்க்காரர்கள். அதில் பல நேரம் பாட்டிலை விடச் சாஷே மலிவு. பத்து ரூபாய் டாப்-அப்பும் அந்த மாதிரி ஒரு சாஷேதான். கையில் இருப்பதைப் போட்டுக்கொள்ளலாம், நாள் பற்றிக் கவலையில்லை. இன்றைய 28 நாள் பார்க்கவே சாஷே. உள்ளே விலை பாட்டிலை விட அதிகம். 1999-இல் மாதம் 41 நிமிடத்துக்குக் கீழே பேசியவர் கட்டிய அதே வித்தியாசத்தை இன்று அக்கா கட்டுகிறார். ஓடிபி, ரேஷன் கடை மெசேஜ், பேங்க், மகள் படிக்கும் ஸ்கூல் எல்லாம் அந்த ஒரே எண்ணில் தொங்குவதால் கட்டாமலும் இருக்க முடியாது.

ரயில்வே கேட் அண்ணன் இருந்திருந்தால் நாலாவது கேள்வி ஒன்று கேட்டிருப்பார் என்று தோன்றியது: இப்ப கையில எவ்ளோ இருக்கு? கடை மூடி சில வருஷம் ஆகிவிட்டது. ஒன்பது கம்பெனிகளில் மிஞ்சியவை, பெயர் மாறியதையும் சேர்த்து, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல். புதிதாக வந்த ஜியோ ஒன்று. அக்காவின் வருஷ ரீசார்ஜை நாங்கள் போட்டோம். மாதம் 150 என்று சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னது அவர்தான். ஒரு வீட்டுக்கு இது தீர்வு. முடிச்சூர் முழுக்கவும் இப்படிச் செய்ய முடியாது.

அப்பாவுக்கும் வருஷத் திட்டமே போட்டேன். போட்டுவிட்டு, இனிமே ஒரு வருஷம் இந்த மெசேஜ் வராதுப்பா என்றேன். இன்கமிங் எப்போது நின்றது என்ற கேள்விக்கும் 30 காசு கதையைச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு என்னால அவங்களுக்கு லாபம். இன்னிக்கு நஷ்டம். நடுவுல யாராவது எனக்கு அதுல ஒரு காசு குடுத்தாங்களா?"

"இல்லப்பா."

"சரி, எப்ப முடியுது சொல்லு."

தேதி சொன்னேன். தினசரி காலண்டரில் எழுதப் போனார். அதில் டிசம்பர் 31 வரைதான் தாள் இருந்தது. 2026 இன்னும் அச்சாகியிருக்கவில்லை. காலண்டர் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தேதியை எழுதினார். கீழே பழைய பழக்கத்தில் ரூபாயையும் எழுதி அடிக்கோடு போட்டார்.